தம்புரா கேட்கிறதா?

நல்ல இசைத்தட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி

சேர்வராயன் மலையில் வெட்டி எடுத்த மண்ணுக்கும், எம்.எஸ்.சுப்புலட்சுமியின் குரலுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

"இதென்ன கேள்வி!" என்று தோன்றும். ஆனால் சம்பந்தம் இருக்கிறது.

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் ஏற்காடு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5 ஆயிரம் அடி உயரம். 1820ஆம் ஆண்டு வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கே காபிச் செடியைக் கொண்டு வந்தார். காபிக்குப் பேர் போன இந்த மலையில் இன்னொரு செல்வமும் உண்டு. அதுதான் 'பாக்சைட்' என்னும் தாது மண். அலுமினியம் அதில் இருந்துதான் கிடைக்கிறது. 1960களில் மேட்டூரில் அலுமினியத் தொழிற்சாலை வந்தபோது, சேர்வராயன் மலையின் பாக்சைட் அங்கே போயிற்று. பிற்காலத்தில் அந்த உருக்கு வேலை நின்றுவிட்டது.

அலுமினியம் என்றால் சமையல் பாத்திரமும், ஆகாய விமானமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வெள்ளி போல மின்னும் 'சி.டி.' தட்டு இருக்கிறதே, அந்த மினுமினுப்பைத் தருவதும் அலுமினியம்தான். பெரிய கறுப்பு இசைத்தட்டு தயாரிக்க முதன்முதலில் கோடு கீறுகிறார்களே, அந்தத் தாய்த் தட்டும் அலுமினியத் தகடுதான். அதன்மேல் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு. அந்தப் பூச்சில்தான் ஊசி பாட்டை எழுதுகிறது.

2020 பிப்ரவரியில், கலிபோர்னியாவில் அந்தத் தகடு செய்யும் தொழிற்சாலை தீயில் எரிந்து போனது. உலகம் முழுவதும் இசைத்தட்டுக் கம்பெனிகள் கலங்கிப் போயின. காரணம், அப்போது அந்தத் தகட்டைச் செய்த தொழிற்சாலைகள் உலகிலேயே இரண்டுதான்! மற்றொன்று ஜப்பானில் இருந்தது.

மலை மண் தகடாகிறது. தகட்டில் குரல் ஏறுகிறது. ஆனால், எல்லாத் தகட்டிலும் குரல் ஒரே மாதிரி ஏறுவது இல்லை. ஒரே பாடகி. ஒரே பாட்டு. ஒரு தட்டில், எதிரே உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது. இன்னொரு தட்டில், கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கிறது.

ஏன் இந்த வேறுபாடு? எந்தக் கம்பெனியின் தட்டை நம்பி வாங்கலாம்?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது. பழைய இசைத்தட்டுகளை யார் வேண்டுமானாலும் மறுபடி வெளியிடலாம் என்ற நிலை ஏற்பட்டு இருக்கிறது. நல்ல பதிப்பும் வரும். மட்டமான பதிப்பும் வரும். எது நல்லது என்று கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு, கேட்பவர் தலையில் விழுந்து இருக்கிறது.

சேலத்துப் பாடகி

கதை 1902இல் தொடங்குகிறது. கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவு நிபுணர் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்தார். கவுஹர் ஜான் என்ற புகழ் பெற்ற பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கவுஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டு அச்சாகப் போவது ஜெர்மனியில். அங்கே உள்ளவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான்!

அடுத்த சில ஆண்டுகளில் ஒலிப்பதிவுக்காரர்கள் தென்னாட்டுக்கும் வந்தார்கள். அப்போது குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சேலம் கோதாவரி. சேர்வராயன் மலையின் அடிவாரத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய குரல், தென்னாட்டின் மிகப் பழைய இசைத்தட்டுகளில் ஒன்றாக இருக்கிறது.

கோயம்புத்தூர் தாயி இன்னொருவர். அவருடைய இசைத்தட்டு கடல் கடந்து போயிற்று. மோரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசை அமைப்பாளர் அதைக் கேட்டு மயங்கினார். அதைப் பின்பற்றி 'ராகமாலிகா' என்ற பெயரிலேயே ஒரு பாடல் அமைத்தார். ஆண் வித்வான்கள் பலர், "யந்திரத்தில் பாடுவதா?" என்று தயங்கிய காலம் அது. பெண்கள்தான் துணிந்து முன்வந்தார்கள்.

அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய தகரக் குழாய் இருக்கும். அதன் வாய்க்கு நேரே நின்று பாடகி உரக்கப் பாட வேண்டும். அந்த ஓசையின் வேகமே ஊசியை ஆட்டி, மெழுகில் கோடு போடும். மெல்லப் பாடினால் பதியாது. பக்க வாத்தியம் தள்ளி உட்கார்ந்தால் கேட்காது. தம்புராவின் மெல்லிய ரீங்காரம் பதிவாவதற்கு வழியே இல்லை.

1925இல் மேல்நாடுகளில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. மைக் வந்தது. மெல்லப் பாடினாலும் பதிவாயிற்று. மறு ஆண்டு, 1926இல், மதுரையைச் சேர்ந்த 10 வயதுச் சிறுமி ஒருத்தி தன் முதல் இசைத்தட்டைப் பாடினாள். அந்தச் சிறுமிதான் எம்.எஸ்.சுப்புலட்சுமி.

மூன்று நிமிடச் சங்கீதம்

அந்தக் கால இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். கச்சேரியில் ஒரு மணி நேரம் பாட வேண்டிய ராகத்தை 3 நிமிடத்தில் சுருக்க வேண்டும்! வித்வான்கள் அதையும் செய்தார்கள்.

அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கு! இன்றைய ஜார்க்கண்ட் மாநிலக் காடுகளில் மரக் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தரும் அரக்கு. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் சுழன்ற இசைத்தட்டுகளுக்கு இந்திய அரக்கு போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாடு வந்தது. மேல்நாடுகளில் பழைய தட்டுகளை வாங்கி, அரைத்து, புதிய தட்டு செய்தார்கள். எத்தனையோ குரல்கள் அப்படி அரைபட்டுப் போயின.

அரக்கோடு கல் தூளும் சேர்த்து இருப்பார்கள். தட்டுக்கு உறுதி வேண்டும் என்பதற்காக. இரும்பு ஊசி அந்தத் தூளில் உரசும்போதுதான் 'கரகர' என்ற சத்தம் வருகிறது. ஆக, பழைய தட்டில் கரகரப்பு இருப்பது கம்பெனியின் குற்றம் அல்ல. அந்தப் பொருளின் இயற்கை.

சென்னையில் 1930களில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் முதலானோர் நடத்திய சரசுவதி ஸ்டோர்ஸ் 'ஓடியன்' இசைத்தட்டுகளைக் கொண்டு வந்தது. 'கொலம்பியா' ஒரு பக்கம். நாய் படம் போட்ட 'எச்.எம்.வி.' ஒரு பக்கம். போட்டி பலமாக இருந்தது.

சினிமாவும் வந்தது. ஏற்காடு மலைப் பாதை தொடங்கும் சாலையில் டி.ஆர்.சுந்தரம் 1935இல் 'மாடர்ன் தியேட்டர்'சைத் தொடங்கினார். அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. சினிமாப் பாட்டுத் தட்டுகள் ஏராளமாக விற்றன. சாஸ்திரிய சங்கீதத் தட்டு அந்த அளவுக்கு விற்காது. விற்கும் இடத்தில்தான் கம்பெனி பணத்தைப் போடும். சங்கீதத் தட்டுகளின் ஒலித் தரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

பொற்காலம்

1948இல் அமெரிக்காவில் 'எல்.பி.' தட்டு வந்தது. 'எல்.பி.' என்றால் நீண்ட நேரம் ஓடும் தட்டு என்று பொருள். நிமிடத்துக்கு 33 சுற்றுதான். ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். அரக்குக்குப் பதில் 'வினைல்' என்ற பிளாஸ்டிக். கல் தூள் இல்லை. கரகரப்பும் குறைந்தது.

நம் நாட்டில் இந்தத் தட்டுகள் பரவிய 1960களும் 70களும் நல்ல ஒலிப்பதிவின் பொற்காலம். பாடகர் பெரிய அறையில் உட்கார்ந்து பாடுவார். அகலமான நாடாவில் பதிவாகும். 1963இல் வந்த எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதத் தட்டை அறியாதவர் தமிழ்நாட்டில் யார்? அதன் வருமானம் திருப்பதி தேவஸ்தான வேத பாடசாலைக்குப் போகும்படி அவர் ஏற்பாடு செய்தார்.

வெளிநாட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. ராமநாதபுரம் கிருஷ்ணன் என்ற வித்வான், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சங்கீதம் கற்பிக்கப் போனார். அங்கே 'நான்சச்' என்ற கம்பெனி அவர் பாட்டைப் பதிவு செய்து 1968இல் வெளியிட்டது. வி.தியாகராஜன் வயலின். டி.ரங்கநாதன் மிருதங்கம். வி.நாகராஜன் கஞ்சிரா. கர்நாடக சங்கீதம் இவ்வளவு தெளிவாகப் பதிவான தட்டுகள் குறைவு என்று இன்றும் ரசிகர்கள் சொல்வது உண்டு. கிருஷ்ணன் 1973இல் மறைந்தார். குரல் இருக்கிறது.

நகலுக்கு நகல்

பிறகு கேசட் காலம் வந்தது. கேசட்டை உலகுக்குத் தந்தது பிலிப்ஸ் கம்பெனி. ஆண்டு 1963. நம் ஊரில் 1980களில் வீட்டுக்கு வீடு கேசட்.

கேசட்டால் நன்மை உண்டு. விலை குறைந்தது. ஏழை வீட்டிலும் சங்கீதம் கேட்டது. எத்தனையோ வித்வான்களின் பாட்டு முதன்முதலாக வெளியே வந்தது.

ஆனால் ஒரு தீமையும் வந்தது. நகல்!

கேசட்டைப் பார்த்து இன்னொரு கேசட் எடுப்பார்கள். அதைப் பார்த்து மற்றொன்று. ஒவ்வொரு நகலிலும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். குரலின் கூர்மை குறையும். துணியைத் துவைத்துத் துவைத்துச் சாயம் போவது போல. இன்று இணையத்தில் கேட்கும் பழைய கச்சேரிகள் பலவும், இப்படி நகலுக்கு நகல் எடுத்தவைதான். "அந்தக் காலத்து வித்வானின் குரல் இப்படித்தான் மங்கலாக இருந்தது போலும்" என்று குழந்தைகள் நினைத்துக் கொள்கிறார்கள். மங்கியது குரல் அல்ல. நகல்!

1982இல் சி.டி. வந்தது. இது ஓசையை எண்களாக மாற்றி வைக்கிறது. ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுகிறது. எண்ணை எத்தனை தடவை நகல் எடுத்தாலும் அது மாறாது. ஆகவே நகல் எடுப்பதால் மங்கும் தொல்லை தீர்ந்தது.

ஆனால் சி.டி.யில் எதை ஏற்றுகிறார்கள்? மூல நாடாவைத் தேடி எடுத்து ஏற்றினால் அமுதம். பத்தாவது நகலை ஏற்றினால்? தங்கக் கிண்ணத்தில் ஊசிப் போன குழம்புதான்.

கட்டை மாறிய குரல்

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது.

78 சுற்றுத் தட்டு என்று பெயரே ஒழிய, அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் சரியாக 78 சுற்றில் பதிவு செய்யவில்லை. சில 75. சில 80. இன்று அதை நகல் எடுப்பவர், கண்ணை மூடிக்கொண்டு 78 சுற்றில் ஓட்டிவிட்டால் என்ன ஆகும்? பாடகரின் சுருதி மாறிவிடும்!

கணக்கு இதுதான். 100க்கு 6 பங்கு வேகம் கூடினால், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவது போலக் கேட்கும். கம்பீரமான குரல் கீச்சுக் குரல் ஆகும். வேகம் குறைந்தாலோ, இளம் குரல் கிழக் குரல் ஆகும். மிருதங்கத்தின் ஓட்டமும் மாறிவிடும்.

அக்கறை உள்ள நிறுவனம், பாடகர் எந்தக் கட்டையில் பாடுவார் என்று விசாரித்து, வேகத்தைச் சரி செய்த பிறகே வெளியிடும். அக்கறை இல்லாத நிறுவனம் அப்படியே அனுப்பிவிடும்.

சுத்தம் செய்கிறோம் என்று...

கரகரப்பை நீக்கக் கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது. அளவோடு செய்தால் நல்லது. அளவு மீறினால் ஆபத்து.

கம்ப்யூட்டருக்கு எது இரைச்சல், எது தம்புரா என்று சரியாகத் தெரியாது. இரண்டும் விடாமல் ஒலிப்பவை. மெல்லியவை. "இரைச்சலை எடு" என்று கட்டளை போட்டால், தம்புராவையும் சேர்த்து எடுத்துவிடும். வயலின் வில் உரசும் நயம் போய்விடும். பாடகர் மூச்சு வாங்கும் ஓசை போய்விடும். மிச்சம் இருப்பது, பஞ்சுக்குள் பொதிந்து வைத்த குரல்.

சிலர், ஒலி குறைந்த இடத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உரப்பாக ஆக்கிவிடுகிறார்கள். செல்போனில் பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதற்காக. மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சத்தில் நிற்பதுதானே ராக ஆலாபனையின் அழகு? மலைப்பாதையைச் சமமாக வெட்டி எடுத்துவிட்டால் மலை ஏது?

செல்போனில் வரும் பாட்டு, இடம் மிச்சம் பிடிக்கச் சுருக்கி அனுப்பப்படுவது உண்டு. சாதாரணமாகச் சுருக்கிய பாட்டில் இருப்பது, சி.டி.யில் உள்ள தகவலில் ஏறக்குறைய 11இல் ஒரு பங்குதான். சினிமாப் பாட்டுக்கு அது போதும் என்று பலர் நினைக்கலாம். வீணையின் கமகத்துக்குப் போதாது. இப்போது சில இணையச் சேவைகள் சுருக்காத ஒலியையும் தருகின்றன. அமைப்புப் பக்கத்தில் அதைத் தேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டே மைக்!

நல்ல ஒலிப்பதிவுக்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டுமா? வேண்டியதில்லை என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் இலங்கையில் பிறந்தவர். பெயர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர்.

கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா என்ற ஊரில் 'வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை அவர் நடத்தினார். அவருடைய கொள்கை எளியது. வித்வானுக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்று ஆளுக்கு ஆள் வைக்க மாட்டார். எதிரொலி நன்றாக உள்ள ஒரு தேவாலயத்தில் கலைஞர்களை உட்கார வைப்பார். மனிதனுக்கு இரண்டு காது. ஆகவே, இரண்டே மைக்! வால்வு வைத்த பழைய பாணி யந்திரத்தில், நாடாவில் பதிவு செய்வார். பிறகு வெட்டி ஒட்டுவது கிடையாது.

1992இல், விஸ்வ மோகன் பட் என்ற இந்தியக் கலைஞரையும், ரை கூடர் என்ற அமெரிக்கக் கலைஞரையும் அவர் இப்படிப் பதிவு செய்தார். அந்தத் தட்டுக்கு 1994இல் 'கிராமி' பரிசு கிடைத்தது! நம் சித்திர வீணைக் கலைஞர் ரவிகிரண் சேர்ந்து வாசித்த தட்டு ஒன்றும் 1995இல் இந்த நிறுவனத்தில் இருந்து வந்தது.

இதில் இருந்து தெரிவது என்ன? நல்ல இடம். அளவான மைக். சும்மா இருக்கத் தெரிந்த நிபுணர். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

எந்தக் கம்பெனி?

சரி, நம் வீட்டுக்கு எதை வாங்குவது?

மிகப் பெரிய களஞ்சியம் பழைய கிராமபோன் கம்பெனியிடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அது 'சரிகம' என்று பெயர் மாற்றிக் கொண்டது. எச்.எம்.வி.யின் பழைய பதிவுகள் அதன் கையில்தான். 2017இல் 'கார்வான்' என்ற பாட்டுப் பெட்டியை அது கொண்டு வந்தது. பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும். முதியவர்களுக்கு வசதி. நுணுக்கமாகக் கேட்க விரும்புபவர்கள் அந்த நாளைய எல்.பி. தட்டையோ, நல்ல சி.டி.யையோ தேடலாம்.

கச்சேரியை அப்படியே கேட்க விரும்புபவர்களுக்கு, சென்னையில் 'சார்சுர்' நிறுவனம் டிசம்பர் சீசன் கச்சேரிகளைப் பதிவு செய்து வெளியிட்ட சி.டி.க்கள் உண்டு. சபையின் சூழ்நிலையோடு பாட்டைக் கேட்கலாம்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கியது. அமைதியான அறை, பழகிய நிபுணர்கள் என்று வானொலிக்கு இருந்த வசதி பல கம்பெனிகளுக்கு இல்லை. அந்த நாடாக்களில் இருந்து தேர்ந்து எடுத்தவை 'ஆகாசவாணி சங்கீத்' என்ற பெயரில் வெளிவந்தன. நகலுக்கு நகல் அல்ல. மூலத்தில் இருந்து வந்தவை. அதுதான் அவற்றின் சிறப்பு.

வெளிநாட்டுத் தட்டுகளில், முன்னே சொன்ன 'நான்சச்'சும், பிரெஞ்சு வானொலியைச் சேர்ந்த 'ஒக்கோரா'வும் தென்னாட்டு இசையை மரியாதையோடு பதிவு செய்தவை. வித்வான் யார், ராகம் என்ன, வாத்தியம் எது என்று விளக்கமும் அச்சிட்டு இருப்பார்கள்.

ஆனாலும் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது சரியல்ல. ஒரே கம்பெனி 1965இல் பிரமாதமாகப் பதிவு செய்து இருக்கும். அதையே வேறு சமயத்தில் மோசமாக நகல் எடுத்து இருக்கும். மூலப் பதிவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

60 ஆண்டுக் கணக்கு

இந்தியச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டுகள்தான் அதற்கு உரிமை. அதன் பிறகு அது பொதுச் சொத்து. அதாவது, 1964ஆம் ஆண்டு வரை வெளிவந்த தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆண்டுதோறும் புத்தாண்டு அன்று இன்னும் ஓராண்டுத் தட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். பாட்டை எழுதியவர், இசை அமைத்தவர் உரிமைக்குத் தனிக் கணக்கு உண்டு. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளுக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

இதனால் என்ன நடக்கும்?

ஒரு பக்கம் நன்மை. கம்பெனியின் அலமாரியில் தூங்கிய தட்டுகளை ரசிகர்களும் சங்கங்களும் வெளியே கொண்டு வரலாம். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990இல் இருந்து பழைய தட்டுகளைப் பற்றித் தகவல் திரட்டி வருகிறது. பொறுப்பு உள்ளவர்கள் கையில் உரிமை விழுந்தால் இசைக்கு வாழ்வு.

மறு பக்கம் அபாயம். இணையத்தில் கிடைத்த மங்கிய நகலையே எடுத்து, அழகான படம் போட்டு, "தெளிவான புதிய ஒலி" என்று விளம்பரம் செய்து விற்பதையும் சட்டம் தடுக்காது. பிளாஸ்டிக் தட்டுக்கு இப்போது மறுபடி மவுசு வந்து இருக்கிறது. அமெரிக்காவில் 2022இல் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன. சி.டி. விற்றது 3 கோடியே 30 லட்சம். 1987க்குப் பிறகு வினைல் தட்டு சி.டி.யை முந்தியது அதுவே முதல் தடவை! மவுசு வந்த இடத்தில் மட்டச் சரக்கும் வரும். செல்போன் பாட்டை அப்படியே வினைல் தட்டில் ஏற்றி விற்றால், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. காதுக்குத்தான் தெரியும்.

காதே தராசு

ஆகவே, கீழ்க்கண்ட ஐந்தைக் கவனியுங்கள். சங்கீத ஞானம் தேவை இல்லை. காது இருந்தால் போதும்.

ஒன்று: பாட்டுத் தொடங்கும் முன் 10 விநாடி கேளுங்கள். தம்புரா கேட்கிறதா? பாடும்போதும் பின்னால் தொடர்ந்து கேட்கிறதா? கேட்டால், அந்தப் பதிவில் மென்மையான ஓசைகள் உயிரோடு இருக்கின்றன. 1925க்கு முந்திய குழாய்ப் பதிவுகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

இரண்டு: மிருதங்கத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கத் தொப்பி 'கும்' என்று முழங்க வேண்டும். வலது பக்கம் 'நம்' என்று கணீரென்று விழ வேண்டும். இரண்டும் ஒரே 'டப்டப்' ஆகக் கேட்டால் பதிவில் கோளாறு.

மூன்று: பாடகரின் மூச்சு கேட்கிறதா? மூச்சு கேட்டால் ஆள் எதிரில் இருக்கிறார். கேட்காவிட்டால் அளவுக்கு மீறிச் 'சுத்தம்' செய்து இருக்கிறார்கள்.

நான்கு: மெல்லிய இடமும் உரத்த இடமும் வேறுபட்டுக் கேட்கின்றனவா?

ஐந்து: உறையைப் படியுங்கள். எந்த ஆண்டுப் பதிவு, எங்கே பதிவானது, வயலின் யார், மிருதங்கம் யார், எந்த மூலத்தில் இருந்து எடுத்தது என்று எழுதி இருக்கிறதா? பக்க வாத்தியக்காரரின் பெயரைக்கூடப் போடாதவர்கள், ஒலியில் மட்டும் அக்கறை காட்டி இருப்பார்களா?

இந்தச் சோதனையை அமைதியான இடத்தில் செய்ய வேண்டும். நகரத்தில் மின்விசிறி ஓசையும், வண்டிச் சத்தமும் தம்புராவை விழுங்கிவிடும். ஏற்காடு போன்ற மலை ஊரில், விசிறி இல்லாத அறையில், இரவு 9 மணிக்குக் கேட்டுப் பாருங்கள். நல்ல பதிவும், மட்டமான பதிவும் பாலும் நீருமாகப் பிரிந்துவிடும்.

பரணில் தூங்கும் குரல்

மலைக்கு அமைதி உண்டு. அதோடு ஈரமும் உண்டு. மூடுபனி வீட்டுக்குள் வரும். அலமாரியில் உள்ள தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். மலைக்கு மட்டும் அல்ல, மழைக் காலத்தில் எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தும். சில எச்சரிக்கைகள்:

தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படக்கூடாது. காகித உறை நல்லது. ஈரத்தை அடைத்து வைக்கும் பிளாஸ்டிக் பை கூடாது.

அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு கரைந்து, பாட்டே அழிந்துவிடும்! சுத்தமான நீரில் லேசாக நனைத்த மெல்லிய துணி போதும்.

78 சுற்றுத் தட்டுக்கும் எல்.பி. தட்டுக்கும் ஒரே ஊசியைப் போடாதீர்கள். பழைய தட்டின் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். பழைய கிராமபோனில் ஓட்டினால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய இரும்பு ஊசி போடுவதே முறை.

பரணில் பழைய தட்டோ, நாடாவோ, கேசட்டோ இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் என்ன எழுதி இருக்கிறது என்று முதலில் படியுங்கள். சபாக் கச்சேரியை ரசிகர் ஒருவர் தன் வீட்டு நாடாவில் பிடித்து வைத்து இருக்கலாம். உலகத்தில் அதற்கு வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், சம்பிரதாயா போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட செல்வங்களின் அருமையை அறிந்தவை. விசாரித்துப் பார்க்கலாம்.

கேட்டால்தான் கிடைக்கும்

அரக்கைத் தந்தது நம் காடு. சேலத்துப் பாடகி துணிந்து குரல் கொடுத்தார். வித்வான்கள் ஒரு மணி நேரச் சங்கீதத்தை 3 நிமிடத்தில் அடக்கித் தந்தார்கள். இவ்வளவும் செய்து சேர்த்த சொத்து, இன்று சட்டப்படி மக்கள் கைக்கு வந்துகொண்டு இருக்கிறது.

மக்கள் மங்கிய நகலையே போதும் என்று வாங்கினால், மங்கிய நகலே வரும். "மூலம் எங்கே? தம்புரா எங்கே?" என்று நாலு பேர் கேட்டால், கம்பெனிக்காரர்கள் மூல நாடாவைத் தேடி எடுப்பார்கள். கடைக்காரரிடம் கேளுங்கள். கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

மூல நாடாக்களுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு மழைக் காலமும் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை அரிக்கிறது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.